எக்சிட்டானின் தற்சுழற்சி

எக்சிட்டானின் தற்சுழற்சி என்பது, குறைக்கடத்தியிலோ மின்கடத்தாப் பொருளிலோ ஓர் எதிர்மின்னியும் ஒரு மின்துளையும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைவதால் உருவாகும் எக்சிட்டான் என்னும் இணையின் மொத்தத் தற்சுழற்சியைக் குறிக்கும். ஓர் எக்சிட்டான் ஒளியை வெளியிட்டு உடனே மறையுமா, அல்லது ஒளி தராமல் நெடுநேரம் நிலைத்து நிற்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இப்பண்பே ஆகும். ஒளி வெளியிடக்கூடிய தற்சுழற்சி நிலையில் உள்ளவை ஒளிரும் எக்சிட்டான்கள் எனவும், வெளியிட இயலாதவை இருண்ட எக்சிட்டான்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. கைபேசித் திரைகளில் பயன்படும் கரிம ஒளியுமிழ் இருமுனையங்களின் திறன், குவாண்டம் புள்ளிகளின் ஒளிர்வு, சூரிய மின்கலங்களைப் பற்றிய சில புதிய ஆய்வுகள் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள இக்கருத்து அடிப்படையானது.

எக்சிட்டான்: ஓர் அறிமுகம்

தூய குறைக்கடத்திப் படிகம் ஒன்றில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், இணைதிறன் பட்டை எதிர்மின்னிகளால் முழுதும் நிரம்பியும், அதற்கு மேலுள்ள கடத்துப் பட்டை வெறுமையாகவும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே, எதிர்மின்னிகள் இருக்க இயலாத ஆற்றல் இடைவெளி ஒன்று உண்டு. போதிய ஆற்றல் கொண்ட ஒளி படிகத்தின் மீது விழும்போது, இணைதிறன் பட்டையில் உள்ள எதிர்மின்னி (எலக்ட்ரான் அல்லது இலத்திரன்) ஒன்று கடத்துப் பட்டைக்குத் தாவுகின்றது. அது விட்டுச் சென்ற வெற்றிடம், நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு துகளைப் போலவே நடந்துகொள்ளும். இதுவே மின்துளை அல்லது புரைமின்னி எனப்படுகின்றது.

எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், எதிர்மின்னியும் மின்துளையும் பிணைந்து, ஐதரசன் அணுவை ஒத்த ஓர் அமைப்பாகின்றன. இதுவே எக்சிட்டான். மொத்தத்தில் மின்னூட்டமற்ற இது, படிகத்தினுள் ஆற்றலைச் சுமந்து நகரக்கூடியது. ஆனால் மின்னோட்டத்தைச் சுமப்பதில்லை. இறுதியில் எதிர்மின்னி மீண்டும் மின்துளையில் விழுந்து நிரப்பும்போது எக்சிட்டான் மறைகின்றது. அப்போது வெளிப்படும் ஆற்றல் ஓர் ஒளியனாக (போட்டானாக) வெளிவரலாம், அல்லது வெப்பமாகப் படிகத்தில் கலந்துவிடலாம்.

இக்கருத்தை 1931இல் உருசிய இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கெல் முன்வைத்தார். ஒரே மூலக்கூற்றிலோ அதன் அண்மையிலோ அடங்கிவிடும் சிறிய எக்சிட்டான்கள் அவர் பெயரால் பிரெங்கெல் எக்சிட்டான்கள் எனப்படுகின்றன. ஆந்திரசீன் போன்ற கரிமப் படிகங்களில் இவ்வகை காணப்படும். பல அணுக்களின் தொலைவுக்குப் பரந்திருக்கும் பெரிய எக்சிட்டான்களைக் கிரெகரி வானியர் 1937இலும் நெவில் மாட் 1938இலும் விளக்கினர். இவை வானியர்–மாட் எக்சிட்டான்கள் எனப்படும். காலியம் ஆர்சினைடில் எக்சிட்டானின் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 4 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு மட்டுமே. அதன் ஆரமோ 10 நானோமீட்டருக்கும் மேல். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு என்பதால், இத்தகைய எக்சிட்டான்களைக் குளிர்ந்த நிலையிலேயே தெளிவாகக் காண இயலும்.

தற்சுழற்சிகள் இணையும் விதம்

எதிர்மின்னிக்குத் தற்சுழற்சி என்னும் உள்ளார்ந்த கோண உந்தம் உண்டு. பெயரில் சுழற்சி இருப்பினும், எதிர்மின்னி பம்பரத்தைப் போலச் சுழல்வதாகக் கொள்ளலாகாது; மின்னூட்டம், நிறை ஆகியவற்றைப் போல இதுவும் துகளின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. ஒரு குறிப்பிட்ட திசையில் அளந்தால், எதிர்மின்னியின் தற்சுழற்சி +1/2 அல்லது −1/2 என்னும் இரு மதிப்புகளை மட்டுமே பெறும். இவற்றை மேல்நோக்கிய தற்சுழற்சி, கீழ்நோக்கிய தற்சுழற்சி எனக் கூறுவது வழக்கம்.

மின்துளைக்கும் தற்சுழற்சி உண்டு. நிரம்பிய பட்டையில் மேல்நோக்கிய எதிர்மின்னிகளும் கீழ்நோக்கிய எதிர்மின்னிகளும் சம எண்ணிக்கையில் இருப்பதால், மொத்தத் தற்சுழற்சி சுழியமாகும். அதிலிருந்து மேல்நோக்கிய எதிர்மின்னி ஒன்றை எடுத்துவிட்டால், எஞ்சியிருப்பது ஒரு கீழ்நோக்கிய தற்சுழற்சி. எனவே மின்துளையின் தற்சுழற்சி, அகன்ற எதிர்மின்னியின் தற்சுழற்சிக்கு நேர் எதிரானது. இச்சிறு கணக்கைக் கவனத்தில் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

தற்சுழற்சி 1/2 கொண்ட இரு துகள்கள் இணையும்போது நான்கு நிலைகள் உருவாகின்றன.

ஒருமை நிலை: மொத்தத் தற்சுழற்சி 0. இதில் ஒரே ஒரு நிலை மட்டுமே உண்டு.

மும்மை நிலை: மொத்தத் தற்சுழற்சி 1. ஒரு திசையில் அளக்கும்போது +1, 0, −1 ஆகிய மதிப்புகளைத் தரும் மூன்று நிலைகள் இதில் உண்டு.

ஒளியின் மின்புலம் எதிர்மின்னியின் மின்னூட்டத்தின் மீது செயல்படுகின்றதே அன்றி, அதன் தற்சுழற்சியைத் திருப்புவதில்லை. ஆகையால், ஒளியை உட்கவர்ந்து மேலே தாவும் எதிர்மின்னி தன் தற்சுழற்சியை மாற்றாமலே தாவும். அது விட்டுச் செல்லும் மின்துளையின் தற்சுழற்சி அதற்கு எதிராக அமையும். அதாவது, தொடக்கத்தில் சுழியமாக இருந்த மொத்தத் தற்சுழற்சி சுழியமாகவே நீடிக்கும். ஒளியால் நேரடியாக உருவாவது ஒருமை நிலை எக்சிட்டானே. இதே விதி திரும்பும் வழிக்கும் பொருந்தும்: ஒருமை நிலை எக்சிட்டான் ஒளியனை வெளியிட்டு மறையலாம்; மும்மை நிலை எக்சிட்டானுக்கு அவ்வழி தடைசெய்யப்பட்டுள்ளது. பாலியின் தவிர்க்கைத் தத்துவத்தின் நோக்கில் கூறுவதானால், மும்மை நிலையில் உள்ள எதிர்மின்னி கீழே விழ முற்படும்போது, அதே தற்சுழற்சி கொண்ட வேறோர் எதிர்மின்னி ஏற்கனவே அவ்விடத்தை நிரப்பியுள்ளது.

ஒளியனின் தற்சுழற்சியும் இராமனின் ஆய்வும்

எக்சிட்டானின் தற்சுழற்சியை ஒளியைக் கொண்டு உருவாக்கவும் அளக்கவும் முடிவதற்குக் காரணம், ஒளியனும் தற்சுழற்சி கொண்டிருப்பதே. ஒளியனின் தற்சுழற்சி 1. எனினும் அது செல்லும் திசையில் அளந்தால் +1, −1 ஆகிய இரு மதிப்புகளே கிட்டும். 0 என்பது கிடையாது. இவ்விரண்டும் முறையே எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இருவகை வட்ட முனைவாக்கம் கொண்ட ஒளியாகத் தோன்றும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முனைவாக்கத்தைத் தளவிளைவு என்று குறிப்பிடுகின்றன.

இவ்வுண்மைக்குச் சோதனைச் சான்று தேடிய முன்னோடிகளுள் ஒருவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன். அவரும் எஸ். பகவந்தமும் கல்கத்தாவில் பணியாற்றியபோது, மூலக்கூறுகளால் சிதறடிக்கப்படும் ஒளியின் முனைவாக்கத்தை அளந்து, ஒளியனுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கான சோதனைச் சான்றாக 1931இல் வெளியிட்டனர். சத்தியேந்திர நாத் போசு 1924இல் பிளாங்கின் கதிர்வீச்சு விதியைத் தருவித்தபோது, கணக்கில் 2 என்னும் காரணி ஒன்றைப் பெருக்க வேண்டியிருந்தது. ஒளியனுக்கு இரு தற்சுழற்சி நிலைகள் இருக்கலாம் என்று போசு கருதியதை இராமனும் பகவந்தமும் தம் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளனர். வட்ட முனைவாக்கம் கொண்ட ஒளி ஒரு பொருளைத் திருகுகின்றது என்பதை ரிச்சர்டு பெத் 1936இல் நேரடியாக அளந்து காட்டினார்.

ஒளியனின் இவ்விரு மதிப்புகளே எக்சிட்டான் இயற்பியலின் தேர்வு விதிகளுக்கு அடிப்படை. எக்சிட்டானின் மொத்தக் கோண உந்தம் +1 அல்லது −1 ஆக இருந்தால், அதை ஒளியன் ஒன்று எடுத்துச் செல்ல இயலும். அதைவிட மிகுதியாக இருந்தால் ஓர் ஒளியனால் எடுத்துச் செல்ல இயலாது.

குவாண்டம் கிணறுகளில் நான்கு நிலைகள்

மேலே கூறிய ஒருமை, மும்மைக் கணக்கு கரிமப் பொருட்களுக்கு நன்கு பொருந்தும். காலியம் ஆர்சினைடு போன்ற குறைக்கடத்திகளில் மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கு இணைதிறன் பட்டையின் எதிர்மின்னிகளுக்குத் தற்சுழற்சியோடு, சுற்றுப்பாதையால் வரும் கோண உந்தமும் 1 என்னும் அளவில் உண்டு. இவ்விரண்டும் வலுவாக இணைந்திருப்பதால் (இது தற்சுழற்சி–சுற்றுப்பாதை இணைவு எனப்படும்) அவற்றைத் தனித்தனியே பிரித்துக் கூற இயலாது. சில நானோமீட்டர் தடிமன் கொண்ட காலியம் ஆர்சினைடு அடுக்கை வேறொரு குறைக்கடத்தியின் இரு அடுக்குகளுக்கு இடையே வைத்தால், அது குவாண்டம் கிணறு ஆகின்றது. அதில் மிகத் தாழ்ந்த ஆற்றல் கொண்ட மின்துளை, கனமான மின்துளை எனப்படுகின்றது. அதன் கோண உந்தம் +3/2 அல்லது −3/2. இதனை எதிர்மின்னியின் +1/2 அல்லது −1/2 உடன் கூட்டினால் நான்கு எக்சிட்டான் நிலைகள் கிட்டும்.

எதிர்மின்னி −1/2, மின்துளை +3/2: மொத்தம் +1. ஒளிரும் நிலை.

எதிர்மின்னி +1/2, மின்துளை −3/2: மொத்தம் −1. ஒளிரும் நிலை.

எதிர்மின்னி +1/2, மின்துளை +3/2: மொத்தம் +2. இருண்ட நிலை.

எதிர்மின்னி −1/2, மின்துளை −3/2: மொத்தம் −2. இருண்ட நிலை.

இக்கணக்கு முந்தைய கணக்கிற்கு முரணானது அன்று. கனமான மின்துளையின் +3/2 என்பது சுற்றுப்பாதையின் +1, தற்சுழற்சியின் +1/2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. முதல் நிலையில் எதிர்மின்னியின் −1/2 மின்துளையின் தற்சுழற்சியை நீக்கிவிட, சுற்றுப்பாதையின் +1 மட்டும் எஞ்சுகின்றது. ஒளியன் எடுத்துச் செல்வது அதையே. மூன்றாம் நிலையில் இரு தற்சுழற்சிகளும் ஒரே திசையில் நிற்கின்றன; அதாவது தற்சுழற்சியைப் பொறுத்தவரை அது மும்மை நிலை. ஆகவே இரு கணக்குகளும் கூறுவது ஒன்றே: தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் ஒளி உண்டு, ஒரே திசையில் இருந்தால் இல்லை.

பரிமாற்ற இடைவினை

ஒளிரும் நிலைகளும் இருண்ட நிலைகளும் ஒரே ஆற்றலில் அமைவதில்லை. எதிர்மின்னிகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்திக் காண இயலாது என்னும் குவாண்டம் விதியிலிருந்து எழும் பரிமாற்ற இடைவினை, அவற்றிடையே ஆற்றல் வேறுபாட்டை உண்டாக்குகின்றது. பொதுவாக இருண்ட நிலை தாழ்ந்தும், ஒளிரும் நிலை உயர்ந்தும் அமையும். எதிர்மின்னியும் மின்துளையும் எவ்வளவு நெருங்கி அடைபட்டுள்ளனவோ அவ்வளவுக்கு இவ்வேறுபாடு பெரிதாகும். பெரிய காலியம் ஆர்சினைடு படிகத்தில் இது ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டின் சிறு பங்கே. இண்டியம் ஆர்சினைடு குவாண்டம் புள்ளிகளில் சில பத்தில் ஒரு பங்கு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு அளவை எட்டும். ஆந்திரசீன் போன்ற கரிமப் படிகத்தில், ஒருமை நிலை ஏறக்குறைய 3.1 எலக்ட்ரான்வோல்ட்டிலும் மும்மை நிலை ஏறக்குறைய 1.8 எலக்ட்ரான்வோல்ட்டிலும் அமைவதால், வேறுபாடு ஓர் எலக்ட்ரான்வோல்ட்டையும் தாண்டுகின்றது.

இருண்ட நிலை தாழ்ந்திருப்பதன் விளைவைப் பின்வரும் ஒப்புமையால் விளக்கலாம். புதுச்சேரியின் பாகூர் ஏரியில் மழைக்காலத்தில் நீர் நிறைந்திருக்கும்போது, மதகின் வாயில் நீர்மட்டத்திற்கு மேலே இருப்பதாகக் கொள்வோம். ஏரியில் நீர் ஏராளமாக இருந்தும் வாய்க்காலில் ஓடாது. காற்று அலையை எழுப்பும்போது மட்டும் சிறிது நீர் வாயிலை எட்டி வழியும். இருண்ட நிலையில் தங்கிய எக்சிட்டான்கள் ஏரி நீரைப் போன்றவை. ஒளிரும் நிலை மதகின் வாயிலைப் போன்றது. அலையை எழுப்பும் காற்று வெப்பநிலை. வெப்பம் போதிய அளவு இருந்தால், இருண்ட எக்சிட்டான்கள் ஒளிரும் நிலைக்கு ஏறி ஒளியாக வெளியேறும். குளிர்வித்தால் அவை அங்கேயே தேங்கிவிடும். ஏரி நீருக்குத் தற்சுழற்சி இல்லை என்பதால் ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. எக்சிட்டான் ஆற்றலில் ஏறினால் மட்டும் போதாது, அதன் தற்சுழற்சியும் திரும்ப வேண்டும்.

இத்தேக்கம் சோதனைகளில் தெளிவாகக் காணப்பட்டுள்ளது. காட்மியம் செலீனைடு நானோ படிகங்களை மிகவும் குளிர்வித்தபோது, அவற்றின் ஒளிர்வு அறை வெப்பநிலையில் உள்ளதைவிடப் பல மடங்கு நீண்டு, மைக்ரோநொடி அளவுக்கு நீடித்தது. மிகத் தாழ்ந்த நிலை இருண்ட எக்சிட்டானே என்பதை மனோஜ் நிர்மல், டேவிட் நோரிசு, மௌங்கி பவெண்டி, அலெக்சாந்தர் எப்ராசு உள்ளிட்டோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியமைக்காகப் பவெண்டி, லூயி புரூசு, அலெக்சி எக்கிமோவ் ஆகியோர் 2023ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

தற்சுழற்சியை உருவாக்கலும் அளத்தலும்

வட்ட முனைவாக்கம் கொண்ட ஒளியைக் குறைக்கடத்தியின் மீது செலுத்தினால், ஒளியனின் தற்சுழற்சி எக்சிட்டானுக்குக் கைமாறுகின்றது. +1 ஒளியன்கள் +1 எக்சிட்டான்களை மட்டுமே உருவாக்கும். இவ்வாறு ஒரே திசையில் தற்சுழற்சிகளை அடுக்கும் முறை ஒளிவழி ஒழுங்கமைப்பு எனப்படுகின்றது. பிரான்சில் அல்பிரெடு காசுட்லர் அணுக்களில் நிகழ்த்திய ஒளியேற்ற முறையை (இதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார்), ஜார்ஜ் லாம்பெல் 1968இல் சிலிக்கானில் நிகழ்த்திக் காட்டியதே குறைக்கடத்திகளில் இத்துறையின் தொடக்கம். பெரிய காலியம் ஆர்சினைடு படிகத்தில் இம்முறையால் எதிர்மின்னிகளின் தற்சுழற்சியை உயர்ந்த அளவாக 50 விழுக்காடு ஒழுங்குபடுத்தலாம். குவாண்டம் கிணற்றில் கனமான மின்துளையின் ஆற்றல் தனியே பிரிந்துவிடுவதால் கொள்கையளவில் 100 விழுக்காட்டை நெருங்கலாம்.

பின்னர் வெளிவரும் ஒளியின் முனைவாக்கத்தை அளந்தால், எக்சிட்டான்கள் தம் தற்சுழற்சியை எவ்வளவு நேரம் தக்கவைத்துக் கொண்டன என்பதை அறியலாம். காலியம் ஆர்சினைடு குவாண்டம் கிணறுகளில் இந்நேரம் பொதுவாகப் பத்துக் கணக்கான பிக்கோநொடிகளே (ஒரு பிக்கோநொடி என்பது ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). தற்சுழற்சி இழக்கப்படும் முதன்மை வழி ஒன்றை மையாலே, சில்வா, லூ ஷாம் ஆகியோர் 1993இல் விளக்கினர். பரிமாற்ற இடைவினையால் எதிர்மின்னியும் மின்துளையும் ஒரே வேளையில் தம் தற்சுழற்சியைத் திருப்ப, +1 எக்சிட்டான் −1 எக்சிட்டானாக மாறுகின்றது. ஒளிரும் நிலைகளையும் இருண்ட நிலைகளையும் பிரித்து வைக்கும் அதே இடைவினை, இங்கு தற்சுழற்சியை அழிக்கும் காரணியாகவும் செயல்படுவது குறிப்பிடத்தக்கது.

இருண்ட எக்சிட்டான்களை நேரடியாகக் காண்பதற்குக் காந்தப்புலம் உதவுகின்றது. அடுக்கின் தளத்திற்கு இணையாக வலிய காந்தப்புலத்தைச் செலுத்தினால், எதிர்மின்னியின் தற்சுழற்சி சாய்ந்து, இருண்ட நிலையோடு ஒளிரும் நிலை சிறிது கலக்கின்றது. இக்கலப்பால் இருண்ட எக்சிட்டானும் மங்கலாக ஒளிர்கின்றது.

பல்வேறு பொருட்களில்

குப்ரசு ஆக்சைடு: செப்பின் ஆக்சைடாகிய இதில்தான், ஐதரசன் அணுவின் நிறமாலையை ஒத்த எக்சிட்டான் கோடுகளை எவ்கெனி குரோசும் அவருடைய குழுவினரும் 1950களின் தொடக்கத்தில் கண்டனர். இதன் மிகத் தாழ்ந்த எக்சிட்டான், பாரா எனப்படும் ஒரு நிலையாகவும் ஆர்த்தோ எனப்படும் மூன்று நிலைகளாகவும் பிரிகின்றது. பாரா நிலை ஏறத்தாழ 12 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு தாழ்ந்தது. எண்ணிக்கையில் ஒன்றாக இருப்பினும், தற்சுழற்சியைப் பொறுத்தவரை பாரா எக்சிட்டான் தூய மும்மைத் தன்மை கொண்டது, எனவே இருண்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து அதனை ஒருமை நிலை எனக் கொள்வது மாணவர்களிடையே நிகழக்கூடிய பிழை.

குவாண்டம் புள்ளிகள்: சரியான சமச்சீர் கொண்ட புள்ளியில் +1, −1 நிலைகள் ஒரே ஆற்றலில் இருக்கும். அதில் இரு எக்சிட்டான்கள் சேர்ந்த இரட்டை எக்சிட்டானை உருவாக்கினால், அது அடுத்தடுத்து வெளியிடும் இரு ஒளியன்களின் முனைவாக்கங்கள் ஒன்றோடொன்று பின்னிய குவாண்டம் நிலையில் அமையும். 2000இல் முன்மொழியப்பட்ட இம்முறை 2006இல் சோதனைகளில் நிறைவேறியது.

ஓரடுக்குப் படிகங்கள்: மாலிப்டினம் டைசல்பைடு, டங்ஸ்டன் டைசெலீனைடு போன்றவற்றின் ஒற்றை அடுக்கில், எக்சிட்டானின் தற்சுழற்சி அது இருக்கும் ஆற்றல் பள்ளத்தாக்குடன் பிணைந்துள்ளது. வட்ட முனைவாக்கம் கொண்ட ஒளியால் ஒரு பள்ளத்தாக்கை மட்டும் நிரப்ப முடியும் என்பது 2012இல் காட்டப்பட்டது. டங்ஸ்டன் டைசெலீனைடில் இருண்ட எக்சிட்டான் ஏறத்தாழ 40 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு தாழ்ந்திருப்பதால், குளிர்வித்தால் அதன் ஒளிர்வு குறைகின்றது. மாலிப்டினம் டைசெலீனைடில் வரிசை தலைகீழானது. அது குளிரக் குளிர நன்கு ஒளிரும்.

பெரோவ்சுகைட்டுகள்: சீசியம் ஈய ஹாலைடு நானோ படிகங்களில் மிகத் தாழ்ந்த எக்சிட்டானே ஒளிரும் மும்மை நிலை என 2018இல் ஓர் ஆய்வு கூறியது. நெருங்கிய உறவுடைய வேறொரு பெரோவ்சுகைட்டில் மிகத் தாழ்ந்த நிலை இருண்டதே என 2019இல் மற்றோர் ஆய்வு கண்டது. இருண்ட நிலை எப்போதும் தாழ்ந்திருக்குமா என்னும் வினாவை இவை மீண்டும் எழுப்பின.

கரிம விளக்குகளும் நான்கில் ஒரு பங்கும்

எக்சிட்டானின் தற்சுழற்சி அன்றாடப் பயன்பாட்டை நேரடியாகத் தொடும் இடம் கரிம ஒளியுமிழ் இருமுனையம் ஆகும். இது ஓஎல்இடி என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகின்றது. இதன் மெல்லிய கரிம அடுக்கிற்குள் ஒரு முனையிலிருந்து எதிர்மின்னிகளும் மறு முனையிலிருந்து மின்துளைகளும் செலுத்தப்படுகின்றன. ஒளியால் உருவாகும் எக்சிட்டான்கள் ஒருமை நிலையிலேயே பிறக்கும் என மேலே கண்டோம். மின்னோட்டத்தால் உருவாகும்போது அவ்வாறன்று. தனித்தனியே வந்து சந்திக்கும் எதிர்மின்னிக்கும் மின்துளைக்கும் முன்தொடர்பு ஏதும் இல்லை. ஆகையால் நான்கு நிலைகளும் சமவாய்ப்புடன் உருவாகும். அவற்றுள் ஒன்று ஒருமை, மூன்று மும்மை. எனவே செலுத்திய மின்னோட்டத்தில் 25 விழுக்காடு மட்டுமே ஒளியாகும் வாய்ப்புப் பெறும். 75 விழுக்காடு வெப்பமாக வீணாகும்.

1987இல் சிங் தாங்கும் இசுட்டீவன் வான்சுலைக்கும் உருவாக்கிய திறன்மிக்க முதல் கரிம விளக்கு, ஒருமை நிலையின் ஒளிர்வை மட்டுமே பயன்படுத்தியது. இது உடனொளிர்வு எனப்படும். இவ்வெல்லையைக் கடக்க இரு வழிகள் கண்டறியப்பட்டன.

முதல் வழி, கனமான அணுக்களைப் பயன்படுத்துதல். பிளாட்டினம், இரிடியம் போன்ற கனமான அணுக்களில் தற்சுழற்சி–சுற்றுப்பாதை இணைவு வலுவானது. அவை உள்ள மூலக்கூறுகளில் ஒருமை, மும்மை நிலைகள் ஓரளவு கலந்துவிடுவதால், மும்மை நிலையின் மீதான தடை தளர்கின்றது. மும்மை நிலையிலிருந்து வரும் இவ்வொளிர்வு நின்றொளிர்வு எனப்படும். மார்க் பால்டோ, இசுடீபன் பாரெசுட்டு, மார்க் தாம்சன் முதலானோர் 1998இல் பிளாட்டினம் சேர்மத்தைக் கொண்டு இதனை விளக்கில் செய்து காட்டினர். பின்னர் வந்த இரிடியம் சேர்மங்களால் உள்திறன் 100 விழுக்காட்டை நெருங்கியது.

இரண்டாவது வழி, ஒருமை, மும்மை நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாட்டைச் சிறிதாக்குதல். எதிர்மின்னியும் மின்துளையும் மூலக்கூற்றின் வெவ்வேறு பகுதிகளில் தங்குமாறு வடிவமைத்தால், பரிமாற்ற இடைவினை குறையும். அப்போது அறை வெப்பநிலையே மும்மை எக்சிட்டானை ஒருமை நிலைக்கு ஏற்றிவிடப் போதுமானது. சப்பானின் கியூசு பல்கலைக்கழகத்தில் சிகாயா அடாச்சி குழுவினர் 2012இல் இவ்வழியை வெற்றிகரமாக நிறுவினர். இதற்கு இரிடியம் போன்ற அரிய உலோகங்கள் தேவையில்லை.

இங்கு ஒரு வினா எழலாம். வீட்டில் எரியும் வழக்கமான எல்இடி விளக்கு காலியம் நைட்ரைடு சார்ந்த கனிமக் குறைக்கடத்தியால் ஆனது. அதில் ஏன் முக்கால் பங்கு வீணாவதில்லை? அதில் நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைவிட மிகச் சிறியது. தற்சுழற்சிகளும் விரைந்து திரும்பிவிடுகின்றன. ஆகவே இருண்ட நிலையில் எதுவும் தேங்குவதில்லை. கரிமப் பொருளில் தற்சுழற்சி எளிதில் திரும்புவதில்லை, வேறுபாடும் பெரிது என்பதே இரண்டுக்கும் இடையிலான வேற்றுமை.

ஒருமைப் பிளவு

விளக்கில் இழப்பாகும் மும்மை நிலை, சூரிய மின்கலத்தில் ஆதாயமாகலாம். பெண்டசீன் படிகத்தில் ஒருமை எக்சிட்டானின் ஆற்றல் ஏறக்குறைய 1.83 எலக்ட்ரான்வோல்ட்டு; மும்மை எக்சிட்டானின் ஆற்றல் ஏறக்குறைய 0.86. அதாவது ஓர் ஒருமை எக்சிட்டான் இரு மும்மை எக்சிட்டான்களாகப் பிளவதற்குப் போதிய ஆற்றல் உள்ளது. இரு மும்மைகள் தம் தற்சுழற்சிகளை எதிரெதிராக இணைத்துக்கொண்டால் மொத்தம் சுழியமாகவே இருக்கும். எனவே தற்சுழற்சி விதி மீறப்படுவதில்லை. இதனால் ஓர் ஒளியனிலிருந்து இரு எதிர்மின்னிகளைப் பெற முடிகின்றது. 2013இல் பெண்டசீனைக் கொண்டு அமைத்த மின்கலம் ஒன்றில், குறிப்பிட்ட அலைநீளத்தில் புறக் குவாண்டம் திறன் 100 விழுக்காட்டைத் தாண்டியது. இது ஒளியன்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட எதிர்மின்னிகளின் எண்ணிக்கையே ஆகும். ஆற்றல் அழிவின்மை விதி இங்கு மீறப்படவில்லை.

இந்தியாவில் நிகழ்ந்த கோட்பாட்டு ஆய்வுகள்

கரிமப் பலபடிகளில் 25 விழுக்காடு என்னும் கணக்கு எப்போதும் பொருந்துமா என்பது 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ராமசேஷா, அமெரிக்காவின் சுமித் மசும்தார், வாலி வர்தெனி முதலானோருடன் இணைந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, இப்பலபடிகளில் ஒருமை எக்சிட்டான்கள் மும்மை எக்சிட்டான்களைவிட எளிதில் உருவாகலாம் எனக் காட்டியது. எதிர்மின்னிகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விலக்கத்தைக் கணக்கில் கொண்டு, இதற்கான கோட்பாட்டு விளக்கத்தையும் அவர்கள் அளித்தனர்.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. பாஸ்கரன், எஸ். ஏ. ஜாபரியுடன் இணைந்து 2002இல் வேறொரு கணிப்பை வெளியிட்டார். கிராபைட்டின் ஓரடுக்கில் எதிர்மின்னியும் மின்துளையும் மும்மை நிலையில் பிணைந்து, தற்சுழற்சி 1 கொண்ட, மின்னூட்டமற்ற கூட்டு அலையாகப் பரவலாம் என்பது அக்கணிப்பு. கிராபைட்டு குறைக்கடத்தி அன்று எனினும், மும்மை எக்சிட்டானின் நெருங்கிய உறவாகவே இவ்வலையைக் கருதலாம். ஒளியால் எளிதில் தொட முடியாத இத்தகைய நிலையைக் காண, காந்தத் தன்மை கொண்ட நியூட்ரான்களின் சிதறலை அவர்கள் பரிந்துரைத்தனர். இக்கணிப்பு பிற ஆய்வாளர்களால் மறுத்தும் விவாதிக்கப்பட்டுள்ளது.

போசு–ஐன்ஸ்டைன் ஒடுக்கம்

1/2 தற்சுழற்சி கொண்ட எதிர்மின்னியும், அதுபோன்றே அரைமுழு எண் கோண உந்தம் கொண்ட மின்துளையும் இணைவதால், எக்சிட்டானின் மொத்தம் எப்போதும் முழு எண்ணாகவே அமையும். ஆகவே எக்சிட்டான்கள் போசான்களைப் போல நடந்துகொள்கின்றன. போதிய அளவு குளிர்வித்தால் அவை ஒரே குவாண்டம் நிலையில் ஒடுங்கக்கூடும் என 1962இலேயே முன்மொழியப்பட்டது. இத்தேடல் பல பத்தாண்டுகள் நீண்டதற்குத் தற்சுழற்சியும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. ஒடுக்கம் மிகத் தாழ்ந்த நிலையில் நிகழும். பெரும்பாலான பொருட்களில் அந்நிலை இருண்டது. எனவே எக்சிட்டான்கள் ஒடுங்கினாலும், அவை வெளியிடும் ஒளியைக் கொண்டு அதனை அறிய இயலாது என மோனிக் கோம்பெசுகோ முதலானோர் 2007இல் சுட்டிக்காட்டினர். மாறாக, ஒளியும் எக்சிட்டானும் கலந்த போலாரிட்டான்களில் ஒளிரும் நிலையே தாழ்ந்து அமைவதால், அவற்றின் ஒடுக்கத்தைக் காட்மியம் டெலூரைடு நுண்குழிவில் 2006இலேயே காண முடிந்தது.